சர்க்கார் உத்தியோகம்: ஆளைப் பார்ப்பதா, விதியைப் பார்ப்பதா?

நம் சங்க வெளியீட்டை வாசித்து வரும் அன்பர்களில் பெரும்பாலோர் வர்த்தகர்கள். சர்க்கார் உத்தியோகத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கடை லைசென்ஸைப் புதுப்பிக்க நகராண்மைக் கழகத்துக்குப் போகிறோம். சரக்கு விஷயமாகச் சுங்க இலாகாவுக்குப் போகிறோம். வேலையாள் வேண்டுமென்றால் குடிநுழைவு இலாகாவுக்குப் போகிறோம். ஆண்டு முழுவதும் ஏதாவதொரு சர்க்கார் மேஜைக்கு எதிரே நிற்கின்ற நமக்கு, மேஜைக்கு அப்பால் இருப்பவர் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்பது தெரிவதில்லை. நம் பிள்ளைகள் அந்த மேஜைக்கு அப்பால் போய் உட்கார என்ன வழி என்பதும் தெரிவதில்லை. வழி தெரியாத இடத்தில் நாம் ஆளைத் தேடுகிறோம். "அங்கே நமக்குத் தெரிந்தவர் யார்?" என்பதுதான் பெட்டியடியில் முதலில் எழுகின்ற கேள்வி. இந்த ஒரு கேள்வியால் நமக்கு உண்டாகின்ற நஷ்டம் கொஞ்சமல்ல.

நம் மலாக்காவின் சரித்திரத்திலிருந்தே தொடங்குவோம். சுல்தான்கள் காலத்தில் இங்கே ஒழுங்கான உத்தியோக அமைப்பு ஒன்று இருந்தது. பெண்டஹாரா முதல் மந்திரி. தெமெங்கோங் ஊர்க்காவலையும் லக்ஸமணா கடற்படையையும் கவனித்தனர். பெங்ஹுலு பெண்டஹாரி கஜானாவைப் பார்த்துக்கொண்டார். துறைமுகத்திலே ஷாபந்தர்கள் நால்வர் இருந்தார்கள். இன்ன கரையிலிருந்து வரும் கப்பலுக்கு இன்னார் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. குஜராத்திக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர், நம் கரை வணிகருக்கு ஒருவர் என்ற ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் இவ்வளவு ஒழுங்கான துறைமுகம் இந்தப் பகுதியில் அபூர்வம்.

இந்த அமைப்பில் ஏறத்தாழ 1500 ஆம் ஆண்டில் பெண்டஹாரா பதவிக்கு வந்தவர் துன் முத்தாஹிர். அவருடைய முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள். தமிழ் முஸ்லிம் வழியினர் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியிருப்பதால் நம் சமூகத்தில் அவர் பெயரைப் பெருமையோடு சொல்வது வழக்கம். பெருமையோடு சேர்த்து அவருடைய முடிவையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'செஜாரா மெலாயு' என்ற மலாய்ச் சரித்திர நூல் அதை விவரமாகக் கூறுகிறது.

நயினா சூரதேவன், ராஜா முதலியார் என்று இரண்டு பெரும் வணிகர்கள் மலாக்காவில் இருந்தார்கள். மலாய் ஏட்டில் பெயர்கள் சற்று உருமாறி இருந்தாலும் நம் கரைக்காரர்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். இருவருக்கும் ஒரு வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பெண்டஹாரா. நயினா சூரதேவன் இரவோடிரவாகப் பொன்னை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் அன்பளிப்பாகக் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். கித்துல் என்ற ஒருவன் ராஜா முதலியாரிடம் கடன்பட்டவன். அவன் இதை அவர் காதில் போட்டுவிட்டான். அந்தச் செய்திக்காக அவனுடைய கடன் தள்ளுபடி ஆயிற்று. தாம் தோற்கப்போவது நிச்சயம் என்று பயந்த ராஜா முதலியார், தாமும் பொருள்களை அள்ளிக்கொண்டு லக்ஸமணா கோஜா ஹஸனிடம் ஓடினார். பெண்டஹாரா சிம்மாசனத்தையே பிடிக்கச் சதி செய்கிறார் என்று அவர் மூட்டிய கோள் சுல்தான் மஹ்மூது ஷாவின் செவிக்குப் போயிற்று. ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்த சுல்தான் தீர விசாரிக்கவில்லை. 1510 இல் பெண்டஹாராவுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மரண தண்டனை நிறைவேறியது. பிறகு உண்மை வெளிப்பட்டு, கோள் மூட்டியவர்களும் தண்டனை அடைந்தார்கள். அடுத்த ஆண்டு, 1511 இல், போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்துக்கொண்டனர்.

வணிகர் இருவரும் ஆளைப் பார்த்தார்கள். ஒருவர் பெரிய ஆளைப் பார்த்தார், மற்றவர் அவருக்குப் போட்டியான ஆளைப் பார்த்தார். வழக்கின் நியாயம் என்ன என்பதை எவரும் கேட்கவில்லை. அன்றைய அமைப்பில் பதவிகள் இருந்தன, அந்தஸ்து இருந்தது, உடையும் குடையும்கூட இன்னாருக்கு இன்ன நிறம் என்று விதிக்கப்பட்டிருந்தன. இரண்டு விஷயங்கள் மட்டும் இல்லை. தம் முன்னே வழக்காடுபவரிடம் உத்தியோகஸ்தர் பொருள் வாங்கலாகாது என்று கட்டுப்படுத்தும் விதி இல்லை. குற்றம் சாட்டப்பட்ட உத்தியோகஸ்தரைக் கேளாமல் தண்டிக்கலாகாது என்ற விதியும் இல்லை. இன்று இந்நாட்டிலே இரண்டும் எழுத்தில் இருக்கின்றன. அவை வந்து சேர ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

இடைக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். போர்த்துகீசியரும் பின்னர் டச்சுக்காரரும் ஆண்டார்கள். 1824 ஒப்பந்தத்தின்படி மலாக்கா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1826 இல் பினாங்கு, சிங்கப்பூருடன் சேர்ந்து தொடுவாய்க் குடியேற்றங்களில் ஒன்றாயிற்று. அந்நாளில் சர்க்கார் ஊழியம் என்றால் ஒரு துரையிடம் ஊழியம் என்றே அர்த்தம். மலாக்கா கம்போங் பாலியில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ்வை எடுத்துக்கொள்ளலாம். நாகூர்த் தொடர்புள்ள குடும்பத்தில் வந்த அவர் சிறுவயதில் தமிழும் படித்தார். அக்கால மலாக்காவில் வியாபாரக் கணக்கு தமிழில் நடந்தது என்று அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ராஃபிள்ஸ் துரை மலாக்காவில் இருந்தபோது இளம் வயதிலேயே அவரிடம் எழுத்தராக இருந்தார். 1811 இல் துரை ஜாவாவுக்குக் கப்பலேறினார், அத்துடன் வேலையும் முடிந்தது. அவ்வளவு பெரிய அறிவாளிக்கு உத்தியோக நிரந்தரமோ பென்ஷனோ இல்லை. துரை இருக்கும் வரையில் வேலை, அவ்வளவே.

இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்தது. பெரிய மனிதரின் சிபாரிசில்தான் உத்தியோகம் கிடைத்தது. 1854 இல் நார்த்கோட், ட்ரெவெல்யன் என்ற இருவர் கொடுத்த அறிக்கை, பரீட்சை வைத்துத் தகுதியின்படி ஆள் எடுக்க வேண்டும் என்று கூறிற்று. இந்தியா சிவில் சர்வீஸுக்கு 1855 இல் பொதுப் போட்டிப் பரீட்சை ஆரம்பமாயிற்று. இவ்விரண்டுக்கும் முன்பே பல நூற்றாண்டுகளாகச் சீனா பரீட்சை வைத்து உத்தியோகஸ்தரைப் பொறுக்கிய தேசம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் பரீட்சை வந்ததனால் வாசல் எல்லாருக்கும் திறந்துவிடவில்லை. 1867 இல் இக்குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து லண்டன் காலனி இலாகாவின் நேர் ஆட்சிக்குப் போயின. 1904 இல், தாய் தந்தை இருவழியிலும் கலப்பற்ற ஐரோப்பிய வம்சத்தவரே உயர் நிர்வாகப் பதவிக்கு வரலாம் என்று விதி செய்தார்கள். அதன்படி, மலாக்காவில் பிறந்து பிரிட்டிஷ் பிரஜையாக இருந்த நம்மவருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் ஒருசேரக் கதவு அடைக்கப்பட்டது. மலாய்ப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1905 இல் கோலகங்சார் மலாய்க் கல்லூரியும், 1910 இல் மலாய் நிர்வாக சர்வீஸ் என்ற இரண்டாம்படிப் பிரிவும் ஏற்பட்டன. தொடுவாய்க் குடியேற்றங்களில் பிறந்த ஆசியருக்கென ஒரு தனி சர்வீஸ் வந்தது 1930களில்தான். அதுவரையில் இந்தியருக்கும் இலங்கைத் தமிழருக்கும் கிடைத்தவை ரயில்வே, தபால், மராமத்து இலாகா, ஆஸ்பத்திரி ஆகியவற்றின் கிராணி வேலைகளே. அவற்றில் அவர்கள் மிகுந்த பேர் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

தோட்டங்களில் இருந்தவர்கள் நிலை இன்னும் தூரம். மலாக்காவில் 1896 இல் டான் சே யான் ரப்பர் நட்டதிலிருந்து ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கமெல்லாம் தோட்டங்கள் எழும்பின. பால்மரத் தொழிலாளிக்குச் சர்க்கார் என்றால் தோட்டக் கிராணியாரும் எப்போதாவது வந்து போகும் லேபர் ஆபீஸரும்தான். மனு எழுதவும் கடிதம் படிக்கவும் அவர்கள் நம்மவர்களுடைய பலசரக்குக் கடைகளுக்கே வந்தார்கள். அந்தப் பழக்கம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பிறகும் முற்றாகப் போய்விடவில்லை. ஆகவே நாம் இங்கே எழுதுவதை நம் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, கடைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டிய கடமை கடைக்காரருக்கு உண்டு.

1950களின் தொடக்கத்தில்தான் மலாயா சிவில் சர்வீஸில் மலாய்க்காரரல்லாத கூட்டரசுப் பிரஜைகளுக்கு இடம் விடப்பட்டது. நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்பது விகிதாசாரம். 1956 பிப்ரவரி 20 ஆம் தேதி நம் பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்துக்கு நாள் குறித்த செய்தியை அறிவித்தார். 1957 இல் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. சர்க்கார் ஊழியத்தின் அஸ்திவாரம் அதிலேயே இருக்கிறது. வர்த்தகர் ஒவ்வொருவரும் அதில் நான்கைந்து ஷரத்துகளையாவது அறிந்திருப்பது நல்லது.

139 ஆம் ஷரத்து பொதுச் சேவைக் கமிஷனை ஏற்படுத்துகிறது. நியமனம், நிரந்தரமாக்கல், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை 144 ஆம் ஷரத்தின்படி கமிஷனின் பொறுப்பு. ஆசிரியர்களுக்குக் கல்விச் சேவைக் கமிஷனும் போலீஸாருக்குப் போலீஸ் படைக் கமிஷனும் தனியாக உண்டு. இதில் மலாக்காக்காரர் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஜொகூர், சிலாங்கூர், பேராக் போன்ற மாநிலங்கள் மாநில ஊழியத்துக்கென்று தனிக் கமிஷன் வைத்திருக்கின்றன. சுல்தான் இல்லாத, முன்பு நேர் காலனியாக இருந்த மலாக்காவும் பினாங்கும் அப்படியல்ல. இங்கே மாநிலச் சர்க்கார் ஊழியத்துக்கும் கூட்டரசின் பொதுச் சேவைக் கமிஷனே அதிகாரம் பெற்றது. மலாக்கா நகராண்மைக் கழகம், ஜாசின், அலோர்காஜா, ஹங் துவா ஜெயா மன்றங்கள் ஆகியவை மட்டும் தம் ஊழியரைத் தாமே நியமித்துக்கொள்கின்றன. எந்த வேலைக்கு எங்கே மனுப் போடுவது என்ற குழப்பத்தில் எத்தனையோ பேர் காலத்தைக் கடத்துகிறார்கள்.

135 ஆம் ஷரத்து, உத்தியோகஸ்தரை அவர் தரப்பைச் சொல்ல நியாயமான சந்தர்ப்பம் கொடாமல் வேலைநீக்கமோ பதவிக் குறைப்போ செய்யக் கூடாது என்கிறது. துன் முத்தாஹிருக்குக் கிடைக்காதது இதுவே. 1993 ஆம் ஆண்டின் நடத்தை, ஒழுங்கு விதிகளின்படி அத்தகைய தண்டனை வரக்கூடிய குற்றச்சாட்டுக்கு எழுத்தில் பதில் தர 21 நாள் அவகாசம் உண்டு. எச்சரிக்கை, அபராதம், சம்பளக் குறைப்பு, பதவிக் குறைப்பு, நீக்கம் எனத் தண்டனைகளும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன.

136 ஆம் ஷரத்து, ஒரே தரத்தில் உள்ள ஊழியரை எந்த இனத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்கிறது. 153 ஆம் ஷரத்தோ, கூட்டரசு ஊழியத்தில் மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் சுதேசிகளுக்கும் நியாயமான விகிதாசாரம் ஒதுக்க இடம் தருகிறது. இரண்டும் முரண்படுகின்றனவே என்று கேட்போர் உண்டு. ஒதுக்கீடு உள்ளே நுழையும் வாசலில் உள்ளது. நுழைந்த பின் ஒரே தரத்தில் இருப்பவரை ஒரே விதமாக நடத்த வேண்டும் என்பது 136. ஒதுக்கீடு பற்றி நம்மவரிடையே மனத்தாங்கல் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஒரு காலத்தில் ரயில்வேயும் மராமத்தும் இந்தியர் முகங்களால் நிறைந்திருந்த நாட்டில், 2017 இல் வெளியான மலேசிய இந்தியர் செயல்திட்டம் பொதுச் சேவையில் 7 விழுக்காட்டை எட்டுவதை ஓர் இலக்காகக் குறிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் முழுப் பழியையும் 153 இன் தலையில் சுமத்துவது சரியல்ல என்பது நம் அபிப்பிராயம். பிள்ளை மனுவே போடாத வீட்டில் விகிதாசாரத்தைக் குறைகூறிப் பிரயோஜனம் என்ன?

இனி, மேஜைக்கு எதிரே நிற்கும் நம்மைத் தொடுகின்ற விதிகளுக்கு வருவோம். 1993 விதிகளின்படி, தம் உத்தியோகக் கடமையோடு நேராகவோ சுற்றுவழியாகவோ சம்பந்தப்பட்டவரிடம் உத்தியோகஸ்தர் பரிசு வாங்கக் கூடாது. அவர் பேரில் மனைவியோ வேறொருவரோ வாங்குவதும் கூடாது. மறுக்க முடியாத சூழ்நிலை என்றால் இலாகாத் தலைவருக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். பெருநாளுக்குப் பிரியாணிச் சட்டியும் துணிமணியும் அனுப்புகிறவர்கள் நாம். உறவுக்கும் அண்டை வீட்டாருக்கும் அனுப்புவதை எவரும் தடுக்கவில்லை. லைசென்ஸ் பரிசோதகர் வீட்டுக்கு அனுப்பும்போதுதான் அது வேறு பொருளாகிவிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கலீஃபா உமர் (ரலி) ஆளுநர்களை நியமிக்கையில் அவர்களுடைய சொத்தை எழுதி வைத்துக்கொண்டதாகவும் சரித்திரம் சொல்கிறது. இன்றைய விதிகளிலும் உத்தியோகஸ்தர் தம் சொத்தையும் மனைவி மக்கள் சொத்தையும் பிரகடனம் செய்ய வேண்டும்.

கடன் விஷயமும் இருக்கிறது. தம் உத்தியோக அதிகாரத்துக்கு உட்பட்டவரிடம் உத்தியோகஸ்தர் கடன் வாங்கக் கூடாது. ஆகவே நம் கடைக்குப் பரிசோதனைக்கு வருபவருக்குப் பற்றுக் கணக்குத் திறப்பது அவருக்கும் ஆபத்து, நமக்கும் வசூலாகாத பாக்கி. அப்படிப்பட்ட பாக்கியைக் கேட்கத் துணிந்த கடைக்காரர் எத்தனை பேர்?

'கோப்பிக் காசு' என்று நாம் செல்லமாகச் சொல்வதைச் சட்டம் லஞ்சம் என்றே அழைக்கிறது. 2009 ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புக் கமிஷன் சட்டத்தில் வாங்கியவரும் கொடுத்தவரும் குற்றவாளிகளே. தண்டனை இருபது ஆண்டு வரை சிறை. அத்துடன் கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். நம்மிடம் ஒருவர் லஞ்சம் கேட்டால் அதைப் புகார் செய்வது கடமை, செய்யாமல் இருப்பது குற்றம் என்று 25 ஆம் பிரிவு கூறுவது பலருக்குத் தெரியாது. 2020 ஜூன் 1 முதல் அமலான 17ஏ பிரிவு கம்பெனிகளையும் கூட்டு வியாபாரங்களையும் பற்றியது. கம்பெனியின் நன்மைக்காகச் சிப்பந்தியோ ஏஜெண்டோ லஞ்சம் கொடுத்தால் கம்பெனியும் அதன் டைரக்டர்களும் பதில் சொல்ல வேண்டும். அபராதம் லஞ்சத் தொகையைப் போல் பத்து மடங்கு அல்லது பத்து லட்சம் வெள்ளி, இதிலும் எது அதிகமோ அது. தக்க தடுப்பு ஏற்பாடுகள் வைத்திருந்ததை நிரூபித்தால் கம்பெனி தப்பலாம். "எனக்குத் தெரியாமல் பையன் கொடுத்துவிட்டான்" என்ற வெறும் சமாதானம் இனிச் செல்லாது. நேர்வழியில் தாமதமோ அநீதியோ நேர்ந்தால் முறையிட 1971 இல் அமைந்த பொதுப் புகார் கழகம் இருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளை சர்க்கார் வேலையில் சேர்ந்த பிறகும் ஒரு தவறு நடப்பதுண்டு. கடையை அவன் பெயருக்கு மாற்றி வைப்பது, மாலையில் வந்து கணக்குப் பார்க்கச் சொல்வது. இலாகாத் தலைவரின் எழுத்து மூலமான அனுமதியின்றி உத்தியோகஸ்தர் எந்த வியாபாரத்தின் நிர்வாகத்திலும் பங்கெடுக்கக் கூடாது. அனுமதி கேட்க வழியிருக்கிறது, கேட்காமல் செய்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும்.

வேலையில் சேரும் வழிக்கு வருவோம். மலேசியப் பிரஜையாக, பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். பதவிக்கு ஏற்ற கல்வித் தகுதி வேண்டும். பெரும்பாலான பதவிகளுக்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் அவசியம். மற்றப் பாடங்களில் நன்றாகத் தேறி இந்த ஒரு தாளில் தவறி வாசலிலேயே நின்றுவிடும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அந்தத் தாளை மறுபடி எழுத வழியுண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. நிர்வாக, தூதரக சர்வீஸ் போன்ற உயர் பதவிக்குப் பட்டம் வேண்டும். பரீட்சை, நேரில் வைத்துச் சோதிக்கும் மதிப்பீடு, நேர்முகம் என்று படிப்படியாகத் தேற வேண்டும். சம்பளமும் முன்போல் அற்பமில்லை. 2024 டிசம்பர் 1 முதல் புதிய சம்பளத் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஓய்வு வயது 2012 முதல் 60. பென்ஷனை நம்பிச் சேருவோர் மட்டும், 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேருவோருக்குப் பென்ஷனுக்குப் பதில் சேமநிதி என்று சர்க்கார் அறிவித்ததைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

"பெரிய இடத்தில் ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் வேலை நிச்சயம்" என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நியமனம் செய்வது கமிஷன் என்றால், இவர் விற்பது எதை? கமிஷனில் பெயர் பதிவதற்குக் கட்டணமே கிடையாது. கம்ப்யூட்டர் வழியாக வீட்டிலிருந்தே பதிந்துகொள்ளலாம். விளம்பரமாகும் பதவிகளைப் பார்த்துத் தகுதியானதைத் தேர்ந்தெடுக்கலாம். பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லுபடியாகும். கடை லைசென்ஸ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கும்போது, அதன் பக்கத்திலேயே பிள்ளையின் பதிவு முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளலாம்.